வீடுதோறும் கூடும் சபை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்க்காரன். லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் எடுத்து, அந்தப் பீடத்துக்கு முன்னால்தான் கல்யாணமும் செய்துகொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ யாராவது ஒருவர் வீட்டில் சில குடும்பங்களாகக் கூடி ஜெபிக்கிறோம். "சபையை விட்டுட்டீங்களாமே?" என்று வருத்தத்தோடு கேட்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த உரை.

கமிட்டித் தேர்தல், இரண்டு கட்சி, கோர்ட்டு வழக்கு என்று பல ஊர்களில் நடப்பது எங்களுக்கும் நடந்தது. அதை விரித்துப் பேச வேண்டாம். அதைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறு. வருஷக்கணக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாமாலையைப் பாடிய மனிதரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஆதித் திருச்சபை வீடுகளில்தான் வளர்ந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அப்போஸ்தலர் பவுல் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். சிரியாவில் துரா எவ்ரோபோஸ் என்ற இடத்தில் அகழ்ந்து எடுத்த ஒரு வீடு, கி.பி. 240 வாக்கில் ஆராதனைக்காக மாற்றியமைக்கப்பட்டது. சுவர் ஒன்றை எடுத்து அறையைப் பெரிதாக்கி, இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகுதான் பெரிய ஆலயங்கள் பரவலாக எழும்பின.

சரி, அது பழைய கதை. நம் ஊர்க் கதைக்கு வருவோம். புதுச்சேரியில் சம்பா கோயில் என்கிற கத்தோலிக்கப் பேராலயத்தில் அந்தக் காலத்தில் ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் மறுபக்கம். 1745-இல் ஒடுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டடமும் பின்னால் போரில் போய்விட்டது. இன்று நாம் பார்க்கும் கோயில் 1791-இல் எழும்பியது. ஆனால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? ஒரே பங்கில், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குள் சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூடு வரை போய், இரண்டு பேர் இறந்தார்கள். 1745-க்கும் 2008-க்கும் நடுவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கும்!

கோயிலில் ஒன்றாக உட்காருவதற்கும் ஒருவர் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடுவதற்கும் உள்ள தூரம் நம் மண்ணில் மிகப் பெரியது. யூதரான பேதுரு, வேற்றினத்தவனான கொர்நேலியு வீட்டுக்குள் நுழையத் தயங்கிய தயக்கம் நமக்கு நன்றாகவே புரியும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கூடுகை ஒரே வீட்டில் நடக்காது, சுற்று வரும். எந்த வீட்டுக்குப் போகிறோமோ அந்த வீட்டில் சமைத்ததை எல்லாரும் சாப்பிட வேண்டும்.

காலனியில் இருக்கும் ஒரு அக்கா வீட்டு முறை வந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்காக ராத்திரியே கறுப்பு உலர்திராட்சையை ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் பேப்பர் தட்டும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களும் அடுக்கியிருந்தன. நம் வீட்டுப் பாத்திரத்தில் இவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று அவரே முடிவு செய்திருந்தார். எங்களில் மூத்தவர் அந்த பாட்டிலைத் தொடவில்லை. "சொம்புல தண்ணி குடும்மா" என்றார். அக்கா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, உள்ளே போய் எவர்சில்வர் சொம்பைக் கழுவி எடுத்து வந்தார். அன்றைக்குப் பிலேமோன் நிருபம் வாசித்தோம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று அவனுடைய எஜமான் பிலேமோனுக்கே பவுல் எழுதிய கடிதம் அது. விரலை வரியில் ஓட்டி, எழுத்துக் கூட்டி வாசித்தவர் அந்த அக்காதான்.

வீட்டில் கூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொரிந்து சபையும் வீட்டில் கூடிய சபைதான். அங்கே ஒருவன் பசியோடு இருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். சொந்தபந்தம் மட்டும் கூடுகிற வீட்டுக் கூட்டங்களை நான் கடலூரிலும் புதுச்சேரியிலும் பார்க்கிறேன். அப்படிக் கூடுவதற்கு, பலரும் வந்து போகும் கோயிலே எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

அப்புறம், நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி குருப்பட்டம் பெற்றவரோ, உரிமம் பெற்ற ஊழியரோ, திருமணப் பதிவாளரோதான் கல்யாணத்தை நடத்தி வைக்க முடியும். எங்களிடம் ஐயர், அதாவது பட்டம் பெற்ற போதகர், இல்லை. எனவே பிள்ளைகள் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் ஜெபித்து வாழ்த்துகிறோம்.

சாவுதான் பெரிய கேள்வி. கல்லறைத் தோட்டம் பழைய சபையின் கையில் இருக்கிறது. சந்தா பாக்கி இருந்தால் இடம் கேட்பது கஷ்டம். அதனால் எங்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் அங்கே பேரை எடுக்காமல் சந்தா கட்டுகிறார்கள். அப்பா அம்மா படுத்திருக்கும் மண் அது; அவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் காலனி அக்காவுக்கும் எங்கள் மூத்தவருக்கும் அங்கே ஒரே வரிசையில் குழி கிடைக்குமா? பழைய சபைப் பெரியவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறோம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வணக்கம்.