காதுக்குள் வண்டு இரைந்தால்

வணக்கம் நேயர்களே. காது மெஷின் பொருத்திக் கொடுப்பது என் வேலை.

கொஞ்ச நாளுக்கு முன் குலசேகரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், ரப்பர் பால்வெட்டி உரமேறிய கை. "மக்களே, மெஷின் நல்லாத்தான் இருக்கு. போன் வந்தா மட்டும் காதுக்குள்ள வண்டு இரையுது. மூளைக்குக் கேடுன்னு சொல்லுதாங்களே, உள்ளதா?" என்றார். வளைகுடாவிலிருந்து மகன் கூப்பிட்டால் மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, போனை ஸ்பீக்கரில் போடுவாராம். மகன் மனம் விட்டுப் பேசுவதெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

அந்த வண்டு எங்கிருந்து வருகிறது? அவர் வைத்திருந்தது பழைய 2ஜி பட்டன் போன். அது ரேடியோ அலையை ஒரே சீராக அனுப்பாது. வினாடிக்கு சுமார் 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் அதைப் பிடித்துவிடும், மெஷின் அதைப் பெரிதாக்கி இரைச்சலாகக் காதில் கொட்டும். ஆக, அது மூளைக்குள் கேட்கிற சத்தம் இல்லை, மெஷினுக்குள் நடக்கிற தொந்தரவு.

சரி, கதிர்வீச்சு? நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், போனிலிருந்து உடல் உள்வாங்கும் அலைக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனில் ஸ்டார், ஹாஷ், சைபர், ஏழு, ஹாஷ் என்று அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அந்த அளவு திரையில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது உண்மை. உறுதியான சான்று கிடைத்து அப்படிச் சேர்க்கவில்லை. கிடைத்த சான்று குறைவு, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது என்பதுதான் அதன் பொருள். அதனால் பயம் வேண்டாம், கவனம் போதும்.

எங்கே கவனம்? பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பக்கம் சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று நிற்கும். டவர் தூரத்தில் இருந்தால், அதை எட்டுவதற்குப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். டவர் பக்கத்தில் வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் காதோடு அழுத்திப் பேசாதீர்கள், முற்றத்துக்கு வந்து பேசுங்கள்.

அந்த அம்மாவுக்கு இரண்டே காரியம்தான் செய்தோம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் இருப்பது காது மடலின் மேல்பக்கம். அவரோ போனைக் காதுத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரல் அகலம் விலக்கி, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இரைச்சல் பாதி அடங்கியது. அப்புறம் 4ஜி பட்டன் போனுக்கு மாறினார். அதில் அந்த விட்டுவிட்டு அடிக்கும் வேகம் இல்லை, சக்தியும் குறைவு. சில மெஷின்களில் 'டி' என்றொரு நிலை உண்டு. போன் அதற்குப் பொருந்துவதாக இருந்தால், வெளிச்சத்தத்தை விட்டுவிட்டுப் போனின் காந்தப்புலத்திலிருந்தே குரலை எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் எம்3, எம்4, டி3, டி4 என்று போட்டிருந்தால், எம் மைக்குக்கு, டி இந்த நிலைக்கு. எண் கூடினால் இரைச்சல் குறைவு. ஆனாலும் மெஷினை மாட்டிக்கொண்டே போன் கடைக்குப் போய், ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து வாங்குங்கள். மெஷின் வாங்க வரும்போது உங்கள் போனையும் கையோடு எடுத்து வாருங்கள்.

போன வாரம் அந்த அம்மா பேசினார். மெஷினைக் கழற்றாமல், கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு அரைமணி நேரம் பேசினாராம்.