உப்பு போட்ட தோல் பாதுகாப்பானதா? வேட்டைப் பொருட்களும் கால்நடை நோயும்

[திரையில்: உப்பு தூவி மடித்து வைத்த பச்சைத் தோல்கள்]

வணக்கம். காட்டெருமைத் தலை, மான் கொம்பு, காட்டுப்பன்றியின் கோரைப்பல். வேட்டை முடிந்ததும் இவையெல்லாம் பெட்டியில் ஏறி நாடு விட்டு நாடு போகின்றன. விலங்கு செத்தாயிற்று, தோலும் காய்ந்தாயிற்று, இனி எங்கிருந்து நோய் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. வரும். எப்படி வருகிறது, அதை எங்கே தடுக்கலாம் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் கோமாரி. மாடு, ஆடு, பன்றி, மான் என்று பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளைத் தாக்கும் வைரஸ் இது. ஆப்பிரிக்கக் காட்டெருமை இதைத் தொண்டையில் வருடக்கணக்கில் சுமந்துகொண்டு, ஒரு புண்கூட இல்லாமல் திரியும். சுட்டவர் கண்ணுக்கு அது நல்ல ஆரோக்கியமான விலங்கு.

[திரையில்: தசை, எலும்பு, தோல் ஆகியவற்றின் வரைபடம்]

செத்த பிறகு நடப்பதுதான் முக்கியம். தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பில் தசையிலுள்ள வைரஸ் செயலிழந்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் தோலிலும் அவ்வளவு புளிப்பு ஏறுவதில்லை. நினைவுப்பொருள் என்று ஆசையாக எடுத்துப்போகும் பகுதிகளில்தான் வைரஸ் பிழைத்துக் கிடக்கிறது.

சரி, உப்பு போட்டிருக்கிறோமே? உப்பு தோலை அழுகவிடாமல் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த இடத்தில் வைத்த உப்புத்தோலில் கோமாரி வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். அதற்கு ஆகாதது கடுமையான அமிலமும் கடுமையான காரமும். பாரிஸில் இயங்கும் உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் விதிகள் இதை வைத்தே எழுதப்பட்டவை. பச்சைத் தோலுக்கு, 2 சதவீதம் சோடியம் கார்பனேட் கலந்த உப்பில் குறைந்தது 28 நாள். இன்னொரு வழி, 4 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில், pH எனப்படும் அமில-கார அளவு 11.5-க்குக் கீழே இறங்காமல் 48 மணி நேரம் ஊறவைப்பது. அல்லது உப்பும் ஃபார்மிக் அமிலமும் சேர்ந்த கரைசலில், pH அளவு 3-க்குக் கீழேயே இருக்கும்படி, அதே 48 மணி நேரம். காமா கதிர்வீச்சும் ஏற்கப்பட்ட முறைதான்.

ஊறவைக்கும்போது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடிந்து கிடக்கும் தோலின் உள்பக்கத்துக்கும், காதின் மடிப்புக்கும், உதட்டோரத்துக்கும் கரைசல் போய்ச் சேராவிட்டால், 48 மணி நேரம் ஊறியும் அந்த இடம் ஊறாத இடம்தான்.

[திரையில்: கொம்பின் உறையும் உள்ளெலும்பும்]

கொம்பு, பல், குளம்பு, மண்டையோடு என்றால் கொதிக்கவைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சதை, ஜவ்வு, மூளை எல்லாம் கழன்று போகிற வரைக்கும். மாட்டினத்து விலங்குகளின் கொம்புக்குள் எலும்பு உண்டு. உறைக்கும் அந்த எலும்புக்கும் நடுவே ரத்தமும் திசுவும் தங்கும். உறையைக் கழற்றி உள்ளேயும் சுத்தம் செய்யாத கொம்பை நான் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். மேலே சொன்ன அமிலக் கணக்கை நம்பி இதை அணுக முடியாது. இந்தப் பாக்டீரியா விதைபோன்ற வித்துகளாக மாறிவிடும். உப்பும் வெயிலும் அவற்றை ஒன்றும் செய்யாது, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். 2006-இல் நியூயார்க்கில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பச்சை ஆட்டுத்தோலில் மேளம் செய்த ஒருவர் அந்த வித்துகளைச் சுவாசித்து ஆந்த்ராக்ஸுக்கு ஆளானார். ஆகவே தானாகச் செத்துக் கிடக்கும் விலங்கை உரிக்கவே கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால்தான் அந்தப் பாக்டீரியா வித்துகளாக மாறுகிறது.

காட்டுப்பன்றிப் பொருட்களில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும், பறவைத் தோலில் ராணிக்கெட் என்னும் கோழி நோயையும் பறவைக் காய்ச்சலையும் கவனிக்க வேண்டும். உரோமத்தில் ஒட்டிய உண்ணியையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு வெக்கை நோயும், அதாவது ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோயும், பெல்ஜியத்துக்குள் இறங்கியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-இல் 28 நாடுகள் கூடி, நான் முன்பு சொன்ன அமைப்பைத் தொடங்கின. வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்க 2011 வரை ஆனது.

[திரையில்: முத்திரையிட்ட பெட்டி]

இனி நடைமுறை. இறக்குமதி அனுமதியை வேட்டைக்குப் போகும் முன்பே கேளுங்கள்; பாதுகாக்கப்பட்ட இனமென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழில், எந்த முறையில் பதப்படுத்தினார்கள் என்பது எழுதியிருக்க வேண்டும். முழுமையாகப் பாடம் செய்த உருவத்துக்கும் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு பொதுவாகக் குறைவு. பச்சையாக வருவது பல நாடுகளில் முத்திரை உடைக்காமல், அரசு அங்கீகரித்த பாடம் செய்யும் கூடத்துக்கே நேராகப் போகவேண்டும்.

அங்கே சுரண்டி எடுத்த சதை, தட்டிய உப்பு, கழுவிய தண்ணீர் எல்லாமே தோலைப் போலவே ஆபத்தானவை. சதையை எரிக்க வேண்டும், தண்ணீரைக் கிருமி நீக்கிய பிறகே விட வேண்டும். பொட்டலத்தில் வைக்கோல் வைத்து அனுப்பாதீர்கள். யாராவது அதை மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். வந்த பெட்டியில் ஈரமோ, ரத்தமோ, உண்ணியோ தெரிந்தால் அப்படியே மூடிவிட்டு கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். அதைத் தொட்ட கையோடும் செருப்போடும் தொழுவத்துக்குள் போகாதீர்கள்.