ரிங்கோபிங் காயலுக்கு ஒரே வாசல்

அன்பர்களே,

டென்மார்க்கின் மேற்குக் கரையில், வட கடலுக்கும் ரிங்கோபிங் காயலுக்கும் நடுவே ஹோல்ம்ஸ்லாண்ட் கிளித் என்ற மணல்திட்டு தெற்குவடக்காக நீண்டு கிடக்கிறது. அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் காயல். சராசரி ஆழம் இரண்டு மீட்டர்கூட வராது. நீரளவில் நாட்டிலேயே பெரிய ஆறான ஸ்கியேர்ன் அதில்தான் கலக்கிறது.

இத்தனை நீரும் கடலுக்குப் போக ஒரே வாசல். முன்பு அந்த முகத்துவாரம் மணலால் தூர்ந்து, தெற்கே நிமின்டெகாப் வரை தள்ளிப் போனது. நீர் வடியாமல் கரையோரப் புல்வெளிகள் மூழ்கின. அதனால் 1910இல் அதே மணல்திட்டிலுள்ள வீதெ சாண்டெ என்ற இடத்தில் நேராகக் கால்வாய் வெட்டினார்கள். மதகு இல்லை, கரையோ வெறும் மணல். நீரோட்டம் அரித்து வாய் 200 மீட்டருக்கும் மேல் அகன்றது; கடல் உள்ளே புகுந்தது. 1915இல் அதை அடைக்க வேண்டியதாயிற்று. 1931இல்தான் 14 கதவுகள் கொண்ட மதகும், படகுகள் கடக்கத் தனி நீர்ப்பூட்டும் வந்தன.

மதகு வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மேற்குக் காற்று வீசினால் கடல்மட்டம் உயரும். கதவை மூட வேண்டும். ஆறு நிற்குமா? காயல் உள்ளிருந்தே ஏறும். நெடுநாள் மூடினால் காயல் நன்னீராகி, வயல் உரம் கரைந்து வரும் சத்துகளால் பாசி மண்டும். அதிகம் திறந்தால் உப்பு ஏறி, நன்னீர்த் தாவரங்கள் அழியும்.

ஸ்கியேர்ன் ஆற்றின் கதை இதைவிட வருத்தமானது. 1962 முதல் 1968 வரை அதை நேராக்கி, சுமார் 4,000 ஹெக்டேர் சதுப்பை வயலாக்கினார்கள். வடிந்த கரிமண் சுருங்கித் தாழ்ந்தது. மண்ணிலிருந்த பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றுபட்டு, அமிலமும் காவிநிற இரும்புப் படிவும் நீரில் இறங்கின. சால்மன் மீன் அருகியது. 1999இல் தொடங்கிய மீட்புப் பணியில் 2,200 ஹெக்டேரில் ஆறு மீண்டும் வளைந்தோடத் தொடங்கியது. இது நடந்தே ஆகவேண்டிய திருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

நிர்வாகத்துக்கு வருவோம். 2007 ஜனவரி 1 அன்று நாட்டின் 271 நகராட்சிகள் 98 ஆயின. எக்வாட், ஹோல்ம்ஸ்லாண்ட், ரிங்கோபிங், ஸ்கியேர்ன், விதேபேக் ஐந்தும் இணைந்து, பரப்பில் நாட்டின் மிகப்பெரிய நகராட்சியான ரிங்கோபிங்-ஸ்கியேர்ன் பிறந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, மேயரை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. பள்ளியும் முதியோர் பராமரிப்பும் மன்றத்தின் பொறுப்பு. மதகு மட்டும் அரசின் கடலோர ஆணையத்தின் கையில். பழைய முகத்துவாரமான நிமின்டெகாப்போ தெற்கே, வார்தே நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது.