முன்னால் போன விமானம் இறங்கிவிட்டதே!

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓடியாடி இந்தக் கூட்டத்தைச் சேர்த்த செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே (சிரிப்பு), முன்வரிசையில் அமர்ந்து நான் எங்கே தப்பு விடுவேன் என்று காத்திருக்கும் ஓய்வுபெற்ற விமானி ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இடிமேகம், பனிக்கட்டி, வெப்பம் என்று விமானத்துக்கு மூன்று எதிரிகள். மூன்றைப் பற்றியும் பேசுவேன். அதற்கு முன் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை விமானத்தில் போனேன். பக்கத்து இருக்கைக்காரர் மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் போகிறவர். மடியில் பரிசுப் பெட்டி. அதை மேலே வைக்கச் சொல்லிப் பணிப்பெண் மூன்று தடவை கேட்டும் மனுஷன் விடவில்லை. சரி, இறங்கப் போகிறோம். சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் மழைத்தண்ணீர் கோடு கோடாக ஓடுகிறது. கீழே ஈரச் சாலையில் கார் விளக்குகூடத் தெரிகிறது. திடீரென்று என்ஜின் உறுமியது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. பெட்டிக்காரர் கத்தினார்: “என்னங்க இது! முன்னால போன பிளேன் இறங்கிடுச்சே, இவருக்கு மட்டும் என்னவாம்?” வேறு ஊரில் இறக்கி, இரவு முழுக்க நாற்காலியில் தூங்கவைத்தார்கள். இறங்கும்போது கேப்டன் வாசலில் நின்று வருத்தம் தெரிவித்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

‘முன்னால் போனது இறங்கிவிட்டதே’ என்ற அந்தப் பேச்சைத்தான் நான் இன்றைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லஸ் விமான நிலையத்தில் டெல்டா 191 என்ற பயணிகள் விமானம் இறங்க வந்தது. வழியில் ஓர் இடிமேகம், மின்னல் தெரிகிறது. முன்னால் போனவை இறங்கிவிட்டன. இதுவும் உள்ளே நுழைந்தது. மழை ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்து, வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்ததுபோல் விழுந்து நாலாபுறமும் சிதறும். விமானத்துக்கு முதலில் கிடைப்பது எதிர்க்காற்று. இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருக்கும். அடுத்து மேலிருந்து ஓர் அமுக்கு. அதற்கடுத்து பின்காற்று: இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று குறையும், தூக்குவிசை போய்விடும். தரையோ பக்கத்தில். சாலையில் காரில் போனவரையும் சேர்த்து 137 பேர் இறந்தார்கள்.

இந்தக் காற்றுக்கு ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்று பெயர். 1975இல் நியூயார்க்கில் நடந்த ஒரு விபத்தை ஆராய்ந்த வானிலை விஞ்ஞானி தெத்சுயா ஃபுஜிதா இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. இதன் அகலம் 4 கிலோமீட்டருக்குள், ஆயுள் சில நிமிடம். அதனால், முன்னால் போனவர் பார்த்த வானம் வேறு, பின்னால் வருபவர் பார்க்கும் வானம் வேறு. பத்து நிமிடம் வட்டமடித்தால் அது கலைந்தே போயிருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கென்றே சொன்னதுபோல் இல்லையா? (கைதட்டல்)

அப்புறம் பனிக்கட்டி. 1982 ஜனவரி 13, வாஷிங்டன். இறக்கையில் பனி ஒட்டியிருக்கக் கிளம்பிய விமானம் பாலத்தில் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்தது, 78 பேர் இறந்தார்கள். இறக்கையின் வளைவு கொஞ்சம் சொரசொரப்பானாலே காற்று ஒழுங்காக ஓடாது. பனியை நீக்க மறுபடி வரிசையில் நிற்பது எல்லோருக்கும் எரிச்சல்தான், ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெப்பத்தை மன்னிக்க வேண்டும், அதற்கு இன்னொரு மேடை கொடுங்கள். (சிரிப்பு)

என் கோரிக்கை ஒன்றுதான். ‘செயல்பாட்டுக் காரணங்களால் தாமதம்’ என்று மொட்டையாக அறிவிக்காதீர்கள். ‘ஓடுபாதைக்கு மேல் இடிமேகம் நிற்கிறது, காத்திருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் பெட்டிக்காரர் கத்தியிருக்க மாட்டார், நானும் முகத்தைத் திருப்பியிருக்க மாட்டேன். இதை வலியுறுத்தும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். போன கூட்டத்தில் பேனா காணாமல் போனதால் இந்த முறை நூல் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன்.