மாஷ் எதை நம்பினால் என்ன?

வணக்கம் நேயர்களே. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் வாத்தியாரை 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவோம். அங்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் டீக்கடையில் இதைக் கேட்டிருப்பீர்கள்: "அந்த மாஷ் கோயில் பக்கமே போகாதவராமே, அவர்கிட்டயா நம்ம பையன் படிக்கிறான்?" இன்னொரு பெஞ்சிலிருந்து பதில் வரும்: "சயின்ஸ் டீச்சரே ராகுகாலம் பாக்குறாங்க, அதுக்கென்ன சொல்றே?"

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பிசிக்ஸ் மாஷ் இருந்தார். பஞ்சாங்கம் பார்க்காமல் செருப்புக்கூட வாங்கமாட்டார். ஒருநாள் மத்தியானம் சூரிய கிரகணம். அவர் வீட்டில் ஊறுகாய் ஜாடி வரைக்கும் தர்ப்பை போட்டாயிற்று. மனுஷர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மொத்தத்தையும் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மேலே பாக்காதே, கீழே பாரு" என்கிறார். மணலில் பார்த்தால், இலைச் சந்துகளில் விழுந்த வெளிச்சப் பொட்டெல்லாம் பிறை பிறையாகக் கிடக்கிறது! ஒவ்வொரு சந்தும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்வதை அங்கேயே நடத்தினார். ஒரு பையன் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "மாஷே, இப்ப சாப்பிடலாமா?" என்றான். "தாராளமா சாப்பிடு. கிரகணத்தால சோறு கெடாது. நான் விரதம், அது என் வீட்டு விஷயம்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் நாள் பூராவும் பேசுவேன், நேரம்தான் இல்லை.

அதே பள்ளியில் சாமியே இல்லை என்கிற ஒருவர் இருந்தார். நானும் ஏறக்குறைய அவர் கட்சிதான். சபரிமலைக்கு மாலை போட்டு வந்த பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேலி செய்வார். எங்களில் யார்மேல் புகார் எழுத வேண்டும் என்று கேட்டால், இவர்மேல்தான் என்பேன். அவர் கொள்கைக்காக அல்ல. அந்தப் பையன் தலையைத் தொங்கப்போட்டு நின்றானே, அதற்காக.

கோர்ட்டுக்கும் இது போயிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு நகராட்சிப் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது. அங்கிருந்த ஆசிரியர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கக் கட்சி வேலைகளில் கலந்துகொண்டவர் என்று போலீஸ் ரிப்போர்ட் வர, வேலை போயிற்று. அது செல்லாது என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நான் பிடிக்கிற கொடி வேறு. இருந்தாலும் சொல்கிறேன், சரியான தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்போம், பாடமாட்டோம் என்ற யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைக் கேரளத்தில் ஒரு பள்ளி வெளியே அனுப்பியதே, 1986-ல் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னவரும் அவரேதான்.

மறுபடியும் சொல்கிறேன், பாதியில் ரேடியோ போட்டவர்களுக்காக: மனசுக்குள் இருப்பதைத் தோண்டாதீர்கள், வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். பாடத்தை மறைக்கிறாரா? மார்க்கில் கை வைக்கிறாரா? பிள்ளையைக் கூசவைக்கிறாரா? இதில் ஒன்று நடந்தால் சாமி கும்பிடுகிறவரானாலும் கும்பிடாதவரானாலும் விடக்கூடாது.

எய்டட் பள்ளிகள், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். கடிகாரம் முறைக்கிறது. நியமிப்பது மேனேஜர், சம்பளம் சர்க்கார் பணம். இன்டர்வியூவில் சாதியும் சபையும் கட்சியும் விசாரிக்கிறார்கள் என்றால் அதையும் கேட்கத்தான் வேண்டும். இன்னொன்று, அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவு: எய்டட் பள்ளியானாலும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்காரவைக்க முடியாது. பி.டி.ஏ., அதாவது பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எழுதினால் தேதி, பீரியட், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதுங்கள். வணக்கம்.