வெள்ளைப் படிவும் பைரைட் உருண்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடல்நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்க, ஆய்வுக் கப்பல்களில் இன்றும் கைகொடுப்பது 1888-ல் ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் வகுத்த முறைதான். ஆழத்து நீர் மேலே வந்ததும் முதலில் ஆக்சிஜனுக்கான சீசாவை நிரப்பிவிட வேண்டும்; மற்ற சோதனைகளெல்லாம் அப்புறம். ரப்பர் குழாயைச் சீசாவின் அடிவரை விட்டு, கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட விடுவார்கள். கடுகளவு காற்றுக்குமிழி உள்ளே தங்கினாலும் கணக்கு கெட்டது. பிறகு மாங்கனீஸ் குளோரைடு 1 மி.லி., காரம் கலந்த அயோடைடுக் கரைசல் 1 மி.லி. விட்டு, மூடிக் குலுக்கினால், நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறப் படிவு இறங்கும். அதை அமிலத்தில் கரைத்து, வெளிப்படும் அயோடினைத் தயோசல்பேட்டால் அளந்தால் ஆக்சிஜனின் அளவு வந்துவிடும்.

அரபிக் கடலில் 200 முதல் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் வரை எடுத்த நீரில் அந்தப் படிவு பழுப்பாகாது. ஏறக்குறைய வெள்ளையாகவே இறங்கும். ஒரு மீன் மூச்சுவிட அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

கடலினங்களில் பெரும்பகுதி அழிந்துபோன, 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் சீசாவை இறக்க முடியாது. அதற்குப் பாறையைத்தான் கேட்க வேண்டும். சீனாவின் செஜியாங் மாகாணத்து மெய்ஷானில், பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லை பாறை அடுக்குகளில் தெரிகிறது. கடலடியில் புழுக்கள் இருந்தால் சேற்றைத் துளைத்துக் கலக்கிவிடும். ஆக்சிஜன் அற்றுப்போனால் புழு இல்லை. சேறு புத்தகத் தாள்போல் மெல்லிய அடுக்குகளாக அப்படியே இறுகிவிடும்.

இன்னும் நுட்பமான சாட்சி, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம். பாறையை மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், சீத்தாப்பழம் போன்ற பொடி உருண்டைகள் தெரியும். ஆக்சிஜன் அற்ற இடத்தில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு நீரிலேயே கலந்திருந்தால், உருண்டை வளர்வதற்குள் மூழ்கிவிடும். விட்டம் சராசரியாக 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் நின்று, எல்லாம் ஒரே அளவாக இருக்கும். மேலே ஆக்சிஜன் இருந்து, சேற்றுக்குள் மட்டும் அந்த நச்சு வாயு உருவானால், சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். நூறு உருண்டையாவது அளந்தால்தான் எதையும் சொல்லலாம். வெயில் மழை பட்ட மேற்பரப்புக் கல்லில் பைரைட் துருவாகிவிடுகிறது என்பதால், உள்ளே வெட்டி எடுத்த புதுக்கல்லே நம்பகமானது.

மெய்ஷான் பாறையில், பச்சைக் கந்தக பாக்டீரியாவின் நிறமி விட்டுச்சென்ற மூலக்கூறும் கிடைத்திருக்கிறது. அந்த உயிருக்கு வெளிச்சமும் வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடும் வேண்டும். அப்படியென்றால் அந்த நச்சு வாயு, வெயில் படும் மேல்நீர்வரை ஏறியிருந்தது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட நடுக்கம் தரும் சான்று வேறில்லை.

கடலில் ஆக்சிஜன் இப்படி அற்றுப்போனதற்குக் காரணம் சைபீரியாவில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பு. அது கக்கிய கரியமில வாயுவால் வெப்பமண்டலக் கடல் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறியது. 5 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் கடல்நீர், 30 டிகிரியில் ஆறு சொச்சம்தான் பிடிக்கும். சூடான மேல்நீர் இலேசாக இருப்பதால் மூடிபோல் படுத்துக்கொள்ள, காற்று கீழே இறங்கவில்லை. அதே சூட்டில் உயிர்களுக்கு மூச்சுத்தேவையோ கூடுகிறது. வரவு குறைய, செலவு ஏற, கடலினங்களில் பத்தில் எட்டு ஒன்பது அழிந்தன. டிரைலோபைட்டுகள் என்ற ஓடுடைய பழங்காலக் கடலுயிர்கள் அடியோடு போயின. 2018-ல் வெளியான கணினி மாதிரி ஒன்று, துருவக் கடல்களில் அழிவு அதிகம் இருக்க வேண்டும் என்று காட்டியது. வெப்பமண்டல உயிர்கள் சூட்டுக்குப் பழகியவை. குளிரில் வாழ்ந்தவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. புதைபடிவக் கணக்கும் அதற்கு ஒத்துவந்தது.

1960-க்குப் பின் உலகக் கடல்கள் 2 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனை இழந்திருக்கின்றன. இந்தச் சராசரி ஏமாற்றும். இழப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லை. நம் வங்கக் கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் லிட்டருக்குச் சில பத்து நானோமோல் (நானோமோல் என்பது மோல் என்ற வேதியியல் அளவில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுக்கு, இழையாக மிஞ்சியிருக்கிறது. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் நுண்ணுயிர்களை அங்கே பெரிதாகத் தலையெடுக்கவிடாமல் வைத்திருப்பது அந்த இழைதான். அதை அளக்க விங்க்ளர் சீசா போதாது. நானோமோலை உணரும் மின்முனையைக் கடலுக்குள்ளேயே இறக்க வேண்டியிருக்கிறது.