குளமா, குழியா? மண்ணு எங்க போச்சுன்னு பாருங்க!

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கடுப்போடதான் ஆரம்பிக்கிறேன். உங்க ஊர்ல மண்ணு எடுத்த பழைய குழி இருந்தா கூகுள் எர்த்துல மேலேருந்து பாத்த படத்தை அனுப்புங்கன்னு போன வீடியோல சொன்னேன்ல? வந்ததுல பாதி கோயில் குளம்! படித்துறையே பளிச்சுன்னு தெரியுது, அதுல சிவப்பு வட்டம் போட்டு 'குவாரி'ன்னு அனுப்புறீங்க.

நம்ம காவிரி டெல்டாவுல தோண்டுனா வண்டல்தான் வரும், கல்லு வராது. சுண்ணாம்புக்கல் குவாரி பாக்கணும்னா கொள்ளிடத்தத் தாண்டி அரியலூர், டால்மியாபுரம் பக்கம் படத்தை நகத்துங்க. வெள்ள வெளேர்னு படிக்கட்டு மாதிரி கெடக்கும், அதுக்கு நான் தேவையில்ல. இங்க நாம தேடுறது செங்கல் சுடுற காளவாய்க்குக் களிமண் எடுத்த குழி, ரோட்டை மேடாக்கச் சவுடு மண்ணு அள்ளுன குழி, வல்லம் பக்கம் செம்மண் குழி.

ஒரே கேள்வி கேளுங்க: மண்ணு எங்க போச்சு? குளம் வெட்டுனா மண்ணு கரையிலயே கெடக்கும். நாலு பக்கமும் மேடு, மேல மரம். குழியில மண்ணு லாரி ஏறிப் போயிடுச்சு, அதனால கரையே இருக்காது. வயல் அப்படியே வெட்டுன மாதிரி விழும். மூணு பக்கம் செங்குத்தா இருந்து ஒரு பக்கம் மட்டும் சரிவா இருந்தா, அதுதான் லாரி இறங்குன எடம். அந்தத் தடம் நேரா ரோட்டுல போய்ச் சேரும். குழிக்கு நடுவுல ஒரு கரண்டு கம்பம் மட்டும் மண் திட்டு மேல தனியா நிக்குதா? கம்பத்தை விட்டுட்டு சுத்தி அள்ளியிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம் அது, குளத்துல பாக்கவே முடியாது.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் வரிசையா ஒரே அளவுல கட்டம் கட்டமா தண்ணி தெரிஞ்சா இறால் குட்டை. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கரை இருக்கும், தண்ணியில காத்தைக் கலக்குற ஏரேட்டர் சுத்துற எடத்துல வெள்ளையா நுரை தெரியும். அதை விட்டுடுங்க.

காளவாய்க் குழிதான் ஏமாத்தும். மூணு நாலு அடிதான் எடுப்பாங்க, அப்புறம் அதுலயே நெல்லு நட்டுடுவாங்க. பக்கத்து வயலெல்லாம் காஞ்சிருக்க, இது மட்டும் பச்சையா இருக்கும். கிட்டத்துல செக்கச்செவேல்னு ஒரு திட்டு, பக்கத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா இன்னும் சுடாத செங்கல்லு காயப் போட்டிருந்தா சந்தேகமே வேணாம்.

அதனால கூகுள் எர்த்துல பழைய படங்கள் போற அந்த நேரப் பட்டையை மார்ச், ஏப்ரலுக்குத் தள்ளுங்க. மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. நடுவுல எடுத்த படத்துல டெல்டா முழுக்கத் தண்ணியும் நெல்லும்தான். அதுல குழி தேடுறது வைக்கப்போர்ல ஊசி தேடுற கதை.

ஆங், நிழலைச் சொல்லாம வந்துட்டேன் பாருங்க. ஆழம் பாக்க ஏப்ரல் உதவாது. நம்ம அட்சரேகையில அப்ப மத்தியானம் சூரியன் நடுமண்டைக்கு வந்துடும், நிழல் ரொம்பக் குட்டையாத்தான் விழும். ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் பாருங்க. வடகிழக்கு மழை மேகமும் விலகியிருக்கும். அப்ப காலையில வெயில் தென்கிழக்குலேருந்து வரும். குழின்னா தென்கிழக்குச் சுவருக்கு அடியில, உள்ளுக்குள்ள நிழல். மேடுன்னா வடமேற்குல, வெளியில நிழல். கண்ணு இதை மாத்திக் காட்டும், குழி மேடு மாதிரி புடைச்சுத் தெரியும். திசைகாட்டி வளையத்தைச் சுத்தி தெற்கை மேல கொண்டு வாங்க, டக்குன்னு பள்ளமா மாறிடும்.

இப்ப மெயின் மேட்டர், முப்பது டாலர்! கூகுள்ல இல்லாத அறுபதுகளோட படம் வேணும்னா கொரோனா. அந்த கொரோனா இல்லப்பா, அமெரிக்க உளவு சாட்டிலைட், 1960-லேருந்து 1972 வரைக்கும் ஃபிலிம்ல எடுத்தது, 1995-ல ரகசியம் நீக்குனாங்க. அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு நிறுவனம் (USGS) நடத்துற எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்துல 'டீகிளாஸ் 1'ன்னு இருக்கும். ஸ்கேன் பண்ணாத ஃபிலிமுக்கு 30 டாலர், 2,500 ரூபாய்க்கு மேல. ஆனா ஒருத்தர் காசு கட்டி ஸ்கேன் ஆயிட்டா, அப்புறம் ஊருக்கே இலவசம்! அதனால முதல்ல 'டவுன்லோட் இருக்கு'ன்னு வடிகட்டிப் பாருங்க, எவனோ ஒரு புண்ணியவான் ஏற்கனவே கட்டியிருப்பான். பாக்காம கார்டை நீட்டாதீங்க. 2,500 ரூபாய்க்கு எத்தனை டிகிரி காபி வரும்!

ஒரு படம் நாலு துண்டா வரும், ஓரமெல்லாம் கோணியிருக்கும். கியூஜிஐஎஸ்ங்கிற (QGIS) இலவச வரைபட மென்பொருள்ல போட்டு இன்னிக்குப் படத்தோட பொருத்தணும், இருபது புள்ளியாவது வேணும். ரோட்டு முனையை வைக்காதீங்க, அகலப்படுத்தி எடமே மாறியிருக்கும். கோயில் குளத்து மூலை, அணைக்கரையில இருக்குற கீழணை, 1934-ல வந்த புதாத்து (கல்லணைக் கால்வாய்) மதகு, இதெல்லாம் அசையாது. பாருங்க, குளம் இதுக்குத்தான் உதவும்!

அடுத்து அனுப்புற படத்துல ஓரத்துல தேதி தெரியணும். தேதி இல்லாத படத்தைத் திறக்கவே மாட்டேன்.